நோயை வெல்லும் கூட்டுக் கணக்கு

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பல கணினிகள் ஒன்றுகூடிக் கணக்குப் போட்டு மருத்துவ ஆராய்ச்சிக்கு எப்படி உதவுகின்றன என்பது. "என்ன வாத்தியாரே, பால் வெட்டப் போறவனுக்கும் குலை வெட்டப் போறவனுக்கும் இந்தப் பேச்சு எதுக்கு?" என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. ஏனென்றால், விஞ்ஞானிகள் இன்றைக்கும் மருந்து தேடிக்கொண்டிருக்கும் ஒரு கொடிய நோயின் பெயர் நம் பக்கத்துக் கம்பத்தின் பெயர்: நிப்பா.

நம் ஊர் பட்ட பாடு

பெரியவர்களுக்கு இது தெரிந்த கதை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

1998 செப்டம்பர் மாதம், பேராக் மாநிலத்தில் ஈப்போ வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் மயக்கமும் வந்தன. சிலர் நினைவு இழந்தார்கள். சிலர் இறந்தார்கள். அங்கிருந்து விற்ற பன்றிகளோடு அந்த நோயும் லாரி ஏறியது. அவ்வாண்டின் இறுதியில் சிரம்பானுக்கு அருகே சிக்காமட்டிலும், 1999 தொடக்கத்தில் சுங்கை நிப்பாவிலும் நம் புக்கிட் பெலண்டோக்கிலும் அது இறங்கியது. அப்போது நாட்டிலேயே பன்றி வளர்ப்புக்குப் பெயர் போன வட்டாரம் இது.

முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. அந்த மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்ததோ திடகாத்திரமான ஆண்பிள்ளைகள். அதுவும் பன்றியைத் தொட்டு வேலை பார்த்தவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் பெருஞ்சத்தத்தோடு இருமின. கொசு என்ன, தொழில் பார்த்தா கடிக்கும்?

இந்த முடிச்சை அவிழ்த்தது மலாயாப் பல்கலைக்கழகம். பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமை வகித்த துறையில், டாக்டர் சுவா காவ் பிங் என்னும் ஆய்வாளர் 1999 மார்ச் தொடக்கத்தில் நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி உருக்கிவிட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, உலகம் அதுவரை அறியாத வைரஸ் அது என்று உறுதியானது. 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு அது பங்காளி. கிருமி கிடைத்த நோயாளியின் ஊர்ப் பெயரே அதற்கு இடப்பட்டது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் மாண்டார்கள். சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இராணுவம் வந்தது. பண்ணைகள் மூடப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. எண்களைச் சொல்வது சுலபம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது என்பதை நாம் மறக்கக்கூடாது.

பெரட்டுக் களத்தில் ஒரு பாடம்

இனி கணினிக்கு வருவோம். இதற்கு நமக்குத் தெரிந்த பெரட்டுக் களத்துக்கே போகலாம்.

ஒரு வெட்டுக்காட்டில் 5,000 பால்மரம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஆளை அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு காலையில் அவர் ஐந்நூறு மரம் வெட்டுவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மிச்ச மரத்துக்கு மறுநாள், அதற்கடுத்த நாள் என்று பத்து நாள் இழுக்கும். ஆகவே கங்காணி என்ன செய்கிறார்? பத்துப் பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுக்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுகிறார்கள். எல்லார் பாலும் ஸ்டோருக்கு வருகிறது. பத்து நாள் வேலை ஒரே காலையில் முடிகிறது.

இதுதான் இணைக்கணிப்பு. ஒரு பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான கணிப்பான்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்து, விடைகளை ஒன்று சேர்ப்பது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அதே தத்துவந்தான். பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் ஒரே ஒரு மந்திரப் பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். அது ஆயிரக்கணக்கான பெட்டிகள் கம்பியால் பிணைக்கப்பட்டு ஒரே வேலையைப் பார்க்கும் ஒரு கூட்டம்.

ஆனால் ஆள் சேர்த்தால் எல்லாம் விரைவாகுமா? ஆகாது. பாலில் அமிலம் ஊற்றிக் கட்டியாகும் வரை காத்திருக்க வேண்டும். பத்து ஆள் சுற்றி நின்று பார்த்தாலும் அது தன் நேரத்தில்தான் கட்டியாகும். 1967-ல் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதையே கணக்காகச் சொன்னார். 10 மணி நேர வேலையில் 1 மணி நேரம் பிரிக்க முடியாத வேலை என்றால், எத்தனை ஆயிரம் கணிப்பான் போட்டாலும் அந்த 1 மணி நேரத்துக்குக் கீழே இறங்க முடியாது. அதாவது, வேகம் 10 மடங்குக்கு மேல் ஏறாது. எந்த வேலையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்க முடியாது என்று பார்ப்பதில்தான் அறிஞரின் மூளை வேலை செய்கிறது.

நிப்பாவுக்கு இது என்ன செய்கிறது?

முதலாவது, கிருமியின் எழுத்தைப் படிப்பது. ஒவ்வொரு கிருமிக்குள்ளும் அதன் சாதகம் மாதிரி ஒரு மரபுக்குறிப்பு உண்டு. அது நான்கே நான்கு எழுத்துகளால் ஆனது. மலேசிய நிப்பா வைரஸின் குறிப்பு 18,246 எழுத்து நீளம். அதில் 6 மரபணுக்கள். மனிதனுடைய குறிப்போ ஏறக்குறைய 300 கோடி எழுத்து. இயந்திரம் இதை முழுசாகப் படிப்பதில்லை. கிழித்துப்போட்ட செய்தித்தாள் போலத் துண்டு துண்டாகவே பெரும்பாலும் கொடுக்கிறது. எந்தத் துண்டு எந்த இடத்தில் ஒட்டும், வேறு எந்தக் கிருமியோடு இது ஒத்துப்போகிறது என்று தேட வேண்டும். துண்டுகளை ஆயிரம் கணிப்பான்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் தன் பங்கைத் தேடிவிடும். கேரளத்தின் கோழிக்கோடு வட்டாரத்தில் 2018 மே மாதம் நிப்பா தலைகாட்டியபோது, அதன் எழுத்தை ஒப்பிட்டுத்தான் அது மலேசிய வகையைவிட வங்காளதேச வகைக்கு நெருங்கியது என்று கண்டார்கள்.

இரண்டாவது, பூட்டும் சாவியும். நிப்பா வைரஸின் மேல்தோலில் ஒரு புரதம் சாவி போல நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் இரத்தக் குழாய்களிலும் நரம்பணுக்களிலும் எஃப்ரின் பி2 என்னும் பூட்டு இருக்கிறது. இதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாவி இந்தப் பூட்டுக்குள் நுழைவதால்தான் நோய் மூளை வரை போகிறது. சரி, சாவியின் பல்லில் ஏதாவது ஒரு மருந்துப் பொருளை அடைத்துவிட்டால்? உள்ளே நுழைய முடியாது அல்லவா! ஆனால் எந்தப் பொருள் பொருந்தும்? உலகில் சோதிக்கத்தக்க பொருள்கள் கோடிக்கணக்கில் உள்ளன.

மாணவர்களே, பென்சிலை எடுங்கள். 1 கோடிப் பொருள்கள். ஒன்றைக் கணினியில் பொருத்திப் பார்க்க 1 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி நிமிடம். நாளாக்க 1,440-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 6,944 நாள். அதாவது 19 ஆண்டு! இன்று பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போய்விடும். அதே வேலையை 1,000 கணிப்பான்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரே வாரம். ஒரு பொருளின் விடைக்காக இன்னொரு பொருள் காத்திருக்க வேண்டியதில்லை. நிரை பிரித்த வேலை மாதிரியே சுத்தமாகப் பிரிகிறது. 2019-ல் இந்தியாவின் புனே நகரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்து ஆய்வாளர்கள், நிப்பாவின் புரதங்களைக் கணினியில் உருவமைத்து, அவற்றைத் தடுக்கக்கூடும் என்று தோன்றும் பொருள்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள்.

மூன்றாவது, அசைவைப் பார்ப்பது. புரதம் கல் மாதிரி சும்மா கிடப்பதில்லை. ஆடும், நெளியும், திறக்கும், மூடும். அதன் ஒவ்வோர் அணுவும் எங்கே நகர்கிறது என்று கணக்கிட வேண்டும். ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேர அசைவைப் பார்க்கவே ஏறக்குறைய 50 கோடி அடிகள் கணக்கிட வேண்டியிருக்கிறது. இங்கே நிரை பிரிப்பது கொஞ்சம் சிரமம். ஓர் அணுவின் நகர்வு பக்கத்து அணுவைத் தள்ளும். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் கணிப்பான்கள் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். இதற்குக் கைகொடுத்தது எது தெரியுமா? பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் படங்களை வரைவதற்காகச் செய்யப்பட்ட சில்லுதான். அதற்குள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் உண்டு. விளையாட்டுக்கு வந்தது வினைக்கும் உதவியது.

நான்காவது, நோய் எப்படிப் பரவியது என்று திரும்ப நடத்திப் பார்ப்பது. பழந்தின்னி வௌவால்கள்தாம் இந்தக் கிருமியின் இருப்பிடம். டாக்டர் சுவாவும் அவர் குழுவினரும் தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட பழத்திலும் அதைக் கண்டெடுத்து 2002-ல் அறிவித்தார்கள். பண்ணையை ஒட்டிப் பழமரம். வௌவால் கடித்த பழம் தொழுவத்தில் விழுகிறது. பன்றி தின்கிறது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வருகிறது. பேராக்கில் நோய் தொடங்கிய பண்ணையின் பழைய பதிவேடுகளை வைத்துக் கணினியில் கணக்கிட்டு, 2012-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கிருமி ஒரு தடவை மட்டும் நுழையவில்லை. திரும்பவும் நுழைந்ததால்தான் பண்ணைக்குள் நீண்ட நாள் தங்கியது என்று அது காட்டியது. கவனித்தீர்களா? பண்ணைக் கிராணி எழுதி வைத்த கணக்கு, பல ஆண்டு கழித்து விஞ்ஞானிக்கு உதவியிருக்கிறது.

சென்னையில் போட்ட அடித்தளம்

இந்த வித்தைக்கு நம் தமிழ் மண்ணிலும் ஒரு வேர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் என்ற பேராசிரியர் இருந்தார். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் முறுக்கு வடிவத்தை 1954-ல் விளக்கியவர் அவர். 1963-ல் அவரும் உடன் ஆய்வாளர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் மடங்க முடியாது என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் உலகில் எந்தக் கணினி ஒரு புரதத்தின் வடிவத்தைச் சொன்னாலும், "இராமச்சந்திரன் படத்தில் போட்டுப் பார், சரியா?" என்று கேட்டபிறகுதான் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் படம் பெரிய கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பிறந்தது. கருவி பிறகுதான் வந்தது, சிந்தனை முந்திக்கொண்டது.

அதே சென்னையில், சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய துண்டுகளின் படங்களாக 2024 டிசம்பரில் உலகுக்கு வெளியிட்டது. 'தரணி' என்று அதற்குப் பெயர். இத்தனை படங்களையும் உயிரணு உயிரணுவாகப் பார்த்து அடுக்குவது தனி ஒருவர் கண்ணால் ஆகிற காரியமா? அங்கேயும் கணினிகளின் துணை வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கணினியும் சேர்ந்த கதை

2020-ல் கோவிட் நோய் வந்து நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அப்போது அமெரிக்காவின் சம்மிட் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 8,000 பொருள்களைப் பொருத்திப் பார்த்து 77-ஐப் பொறுக்கியெடுத்தது. அதுகூடப் பெரிதல்ல. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் என்று ஒரு திட்டம் உண்டு. உலகெங்கும் சாதாரண மக்கள் தங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுப்பது. 2020-ல் அதில் சேர்ந்தோரின் கணினிகள் எல்லாம் கூடி, அன்றைய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களையே மிஞ்சிக் கணக்குப் போட்டன. பத்துச் சென்னும் ஐம்பது சென்னுமாய்ப் போட்டுக் கோயில் கட்டுகிறோமே, அந்த மாதிரி.

கணினி மருந்தாகாது

இவ்வளவு சொன்ன நான் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கணினி கொடுப்பது பட்டியல். பட்டியல் மருந்தாகாது. அதில் உள்ளதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, விலங்குகளிடம் பார்த்து, பிறகு மனிதரிடம் கவனமாகப் பார்க்க வேண்டும். பால் கட்டியாகும் நேரம் மாதிரி, அதை அவசரப்படுத்த முடியாது. நிப்பாவுக்கு ஒரு தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கும் வேலையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் தொடங்கியது. நம் ஊர் நோய்க்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகிவிட்டார்கள். தேடுதல் இன்னும் நடக்கிறது.

இன்னொன்று. 1999-ல் கேள்வியே கொசுப் பக்கம் போயிருந்தது. அன்று ஆயிரம் கணினி இருந்திருந்தாலும், கொசுவைப் பற்றித்தான் ஆயிரம் மடங்கு வேகமாகக் கணக்குப் போட்டிருக்கும். தப்பான நிரையில் ஆள் இறக்கினால் ஆள் கூடக்கூட நட்டந்தான் கூடும். உண்மையை முதலில் பிடித்தது, "இறந்தவர்கள் எல்லாரும் பன்றியைத் தொட்டவர்களாச்சே" என்று கவனித்த மனிதக் கண். அந்தக் கண்ணுக்கு விஷயம் எங்கிருந்து வந்தது? படுக்கையில் கிடந்த தொழிலாளிகளும் அவர்கள் மனைவிமார்களும் சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது.

ஆகவே உங்களுக்குச் சொல்வது

தொழிலாளத் தோழர்களே, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனால், "எனக்கென்ன தெரியும், டாக்டருக்குத் தெரியாததா?" என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள். என்ன வேலை செய்கிறேன், எந்தப் பிராணியைத் தொட்டேன், பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல், எந்த நாளில் தொடங்கியது என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அண்ணன்மார்களே, அக்காமார்களே, உலகத்துப் பெரிய கணினிக்கும் தீனி உங்கள் வாயிலிருந்து வரும் அந்த நாலு சொல்தான்.

தாய்மார்களே, வௌவால் கடித்த பழத்தையும் மரத்தடியில் பல் பட்டுக் கிடக்கும் பழத்தையும் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பழமானாலும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். வௌவாலைக் கொல்லச் சொல்லவில்லை. அது பூவுக்கு மகரந்தம் சேர்க்கும், காட்டுக்கு விதை தூவும். அதன் பாட்டுக்கு அது இருக்கட்டும், நம் பாட்டுக்கு நாம் இருப்போம்.

பெற்றோர்களே, பிள்ளை கணக்கில் ஒரு தடவை குறைந்த புள்ளி வாங்கினால் "இவனுக்குக் கணக்கு வராது" என்று முத்திரை குத்தாதீர்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போய் அறிவியல் பிரிவு எடுக்க ஆசைப்பட்டால், "நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவருமா" என்று தயங்காதீர்கள். மாணவச் செல்வங்களே, இன்று பத்தாம் வாய்ப்பாடு மனப்பாடம் செய்கிற நீங்கள் நாளைக்கு ஆயிரம் கணிப்பான்களுக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் கங்காணி ஆகலாம். பரிசு வாங்கியவர்கள் வாங்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பிரித்துச் செய்தால் வேலை குறையும் என்று இன்று படித்தோம் அல்லவா? கல்வியும் அப்படித்தான், பகிர்ந்தால் குறையாது.

சுங்கை நிப்பா என்ற பெயரை உலகம் நோயின் பெயராக அறிந்திருக்கிறது. அந்த நோய்க்கு மருந்து கண்டவர் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்றும் ஒரு நாள் உலகம் அறியட்டும். அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். முன்வரிசையிலோ பின்வரிசையிலோ, யார் கண்டது? நாம் எல்லாப் பிள்ளைகளையும் அந்தப் பிள்ளையாகவே நினைத்து வளர்ப்போம்.